வித்தும் உணவும்

தமிழிலே 'மலடி' என்னுஞ் சொல் ஊரெங்கும் வழங்குகின்றது. 'மலடன்' என்னுஞ் சொல்லோ பெரும்பாலும் அகராதியளவில் நின்றுவிடுகின்றது. ஒரு சமுதாயம் எவர்மீது பழியைச் சுமத்திவந்தது என்பதை அதன் சொல்வழக்கே காட்டிக்கொடுத்துவிடும். மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்கவில்லையெனின், குறை பெண்ணிடத்தே உள்ளதென்று முடிவுகட்டுவதும், அவளையே விரதமிருக்கச் செய்வதும், அவளுக்கே மருந்து கொடுப்பதும், ஈற்றில் வேறொருத்தியைத் தேடுவதும் பல நாடுகளிலே நெடுங்காலம் நடந்துவந்தவை.

உண்மை வேறு. 2023 இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணிப்பின்படி, வளர்ந்தோருள் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒருகாலத்திலேனும் மகப்பேறின்மையை எதிர்கொள்கின்றனர். அத்தகைய தம்பதியரை முறையாகப் பரிசோதிக்கும்போது, ஏறக்குறையப் பாதிப்பேரிடத்தில், தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, ஆணின் குறையும் காரணமாகக் காணப்படுகின்றது. இவ்வுண்மை வைத்தியருக்குப் புலப்படுவதற்கே பல நூற்றாண்டுகள் சென்றன. புலப்பட்ட பின்னரும், ஆணைப் பரிசோதிக்குமுன்பே அவன் கையில் ஒரு சத்துக்குளிசைப் போத்தலைக் கொடுத்துவிடும் வழக்கம் பரவியது. உணவினாலும், உணவிலிருந்து பிரித்தெடுத்த சத்துக்களினாலும் ஆணின் வித்தை வலுப்படுத்தலாமா என்னும் வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் அந்தப் போத்தலின் மேலுள்ள வாசகத்தை வேறு கண்கொண்டு படிப்பர்.

உணவே வித்தாகின்றது என்ற எண்ணம் மிகப் பழையது. சித்த வைத்தியமும் ஆயுள்வேதமும் உடலை ஏழு தாதுக்களால் ஆனதெனக் கூறும். உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊனாகி, கொழுப்பாகி, என்பாகி, மூளையாகி, இறுதியிலே சுக்கிலமாகின்றது என்பது அவற்றின் கொள்கை. கிரேக்க தேசத்து அறிஞர் அரிஸ்தோத்திலும் கி.மு. நான்காம் நூற்றாண்டில் இதனோடு ஒத்த கருத்தையே கொண்டிருந்தார். உணவு இரத்தமாகி, அவ்விரத்தம் உடலின் வெப்பத்தாற் பக்குவமடைந்து வித்தாகின்றது என அவர் கருதினார். இவ்விரு மரபுகளிலும் வித்து என்பது உணவின் கடைசிச் சாறு. ஆகவே நல்ல உணவு உண்டால் நல்ல வித்து உண்டாகும் என்ற முடிவு தானாகவே பிறந்தது.

இம்முடிவின்மேல் எழுந்ததே வாசீகரணம் என்னும் பிரிவு. ஆயுள்வேதத்தின் எட்டு அங்கங்களுள் அதுவும் ஒன்று. வாசி என்பது குதிரை. குதிரையின் ஆற்றலைத் தருவது என்பது பெயரின் பொருள். சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் முதலாம் இயல் இரசாயனத்தையும் இரண்டாம் இயல் வாசீகரணத்தையும் விரித்துரைக்கின்றன. பால், நெய், உழுந்து, முட்டை, இறைச்சி என்பன அங்கே பலவிதமாகக் கூட்டிச் சமைக்கப்படுகின்றன. எனினும், அந்நூல் ஊட்டத்தை எடுத்த எடுப்பிலே கொடுத்துவிடச் சொல்லவில்லை. முதலில் உடலைச் சுத்திசெய்தல் வேண்டும், அதன் பின்னரே ஊட்டம் பயன்தரும் என்று வற்புறுத்துகின்றது. பிற்காலத்து வணிகர் அம்மரபின் பெயரைப் பயன்படுத்திக்கொண்டனரேயன்றி அந்த எச்சரிக்கையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

பழைய வைத்தியர் எவருக்கும் காணமுடியாதிருந்த ஒன்று உண்டு. ஆண்மை வலிமையும் கருவளமும் ஒன்றல்ல. உடலுறவிற் குறையேதுமில்லாத ஒருவனின் விந்திலே உயிரணு ஒன்றேனும் இல்லாதிருத்தல் கூடும். வெறுங்கண்ணுக்கு இரண்டு விந்தும் ஒன்றாகவே தோன்றும். இவ்வேற்றுமையை அறியக் கண்ணுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

அத்துணையைத் தந்தவர் ஒல்லாந்து தேசத்து டெல்வ்ற் நகரிலே துணிவணிகராக இருந்த அந்தோனி வன் லேவன்ஹூக் என்பவர். பல்கலைக்கழகப் படிப்போ இலத்தீன் மொழியறிவோ இல்லாத அவர், தம் கையாலேயே தேய்த்தெடுத்த சிறு வில்லைகளைக்கொண்டு நுணுக்குக்காட்டிகள் செய்தார். 1677 இல் ஹாம் என்ற மருத்துவ மாணவர் நோயாளி ஒருவரின் விந்தைக் கொணர்ந்து, அதிலே வாலுடைய சிற்றுயிர்கள் அசைவதாகக் கூறினார். லேவன்ஹூக் அதனைத் தாமே ஆராய்ந்து உறுதிசெய்து, அவ்வாண்டிலேயே இலண்டன் வேத்தியற் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பொருள் நாகரிகத்துக்கு ஒவ்வாதெனக் கழகத்தார் கருதினால் அதனை வெளியிடாது விட்டுவிடலாம் என்றும் பணிவோடு குறிப்பிட்டார். கழகத்தார் அதனை வெளியிட்டனர்.

கண்டது ஒன்று, அதன் தொழில் இன்னதென்று அறிந்தது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள் சென்றன. 1694 இல் ஹார்த்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள்ளே ஒரு சிறு மனிதன் முழந்தாளைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பதுபோலப் படம் வரைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பல்லன்சானி ஆண் தவளைகளுக்குப் பட்டுத்துணியாற் காற்சட்டை தைத்து அணிவித்து, விந்து முட்டையைத் தொடாவிடின் கரு உண்டாகாது எனக் காட்டினார். ஆயினும், வாலுள்ள அச்சிற்றுயிர்களே கருவுக்குக் காரணம் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 1824 இல் பிறேவோ, டூமா என்னும் இருவர் விந்தை வடிகட்டியபோது, வடிந்த நீருக்குக் கருவூட்டும் ஆற்றலில்லை, வடிதாளிலே தங்கிய உயிரணுக்களுக்கே அது உண்டு என்று நிறுவினர். 1876 இல் ஜேர்மனியரான ஒஸ்கார் ஹேர்ட்விக், கடல்முள்ளியின் முட்டைக்குள்ளே விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றுபடுவதைக் கண்டார்.

இதன்பின்னரே விந்தணுக்களை எண்ணிப்பார்த்து ஆணின் கருவளத்தை மதிப்பிடும் முறை உருவாயிற்று. 1951 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோன் மக்லியோட் என்பவர், பிள்ளைப்பேறு வாய்த்த ஆயிரம் ஆண்களின் விந்தையும் வாய்க்காத ஆயிரம் ஆண்களின் விந்தையும் ஒப்பிட்டார். ஒரு மில்லிலீற்றருக்கு 2 கோடி உயிரணு என்னும் பழைய எல்லைக்கோடு அத்தகைய ஆராய்ச்சிகளிலிருந்தே தோன்றியது. உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட கைந்நூலின் ஆறாம் பதிப்பிலே அது 1 கோடியே 60 இலட்சமாகக் குறிக்கப்பட்டுள்ளது. இதற்குக் குறைந்தவன் தந்தையாகமாட்டான் என்பதன்று இதன் பொருள். ஓராண்டுக்குள் துணைவியர் கருவுற்ற ஆண்களிலே நூற்றுக்கு ஐவர் இவ்வெல்லைக்குக் கீழே இருந்தனர் என்பதே பொருள்.

விஞ்ஞானம் இவ்வாறு மெல்ல நடந்துகொண்டிருக்க, ஆசை அதனை முந்திக்கொண்டு ஓடிற்று. 1889 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பாரிஸ் நகரத்து உயிரியற் கழகத்தின் முன்னிலையில், எழுபத்திரண்டு வயதான பிறௌன் செக்கார் என்பவர் எழுந்து நின்றார். மொரிசியசுத் தீவிலே பிறந்து, நரம்பியல் ஆராய்ச்சியாற் பெரும்புகழ் பெற்றவர் அவர். நாயினதும் கினிப்பன்றியினதும் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசியால் ஏற்றிக்கொண்டதாகவும், இளமையின் வலிமை திரும்பியதாகவும் அவர் அறிவித்தார். செய்தி உலகெங்கும் பரவியது. விதைச்சாறு விற்போர் பல நாடுகளிலும் தோன்றினர். 2002 இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அதே முறையிற் சாறு தயாரித்து அளந்தபோது, அதிலிருந்த ஆண் ஓமோன் உடலில் எவ்வித மாற்றத்தையும் உண்டாக்கப் போதாததெனக் கண்டனர். அம்முதியவரின் புத்துணர்ச்சிக்குக் காரணம் அவருடைய நம்பிக்கையே. பிறௌன் செக்கார் நேர்மையான மனிதர். நேர்மையான ஒருவரின் அநுபவமும் தனித்து நின்று சான்றாகாது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டானார்.

நேர்மையற்றவருக்கும் குறைவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்திலே மில்போட் என்னும் சிற்றூரில் ஜோன் பிறிங்கிலி என்பவர் ஆட்டுக்கடாவின் விதைகளை ஆண்களின் உடலிற் பொருத்திப் பெரும்பொருள் ஈட்டினார். 1923 இல் அவர் சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தை நிறுவினார். நேயர்கள் எழுதிய கடிதங்களை ஒலிபரப்பிலே வாசித்து, முகங்காணாத அந்நோயாளருக்கு இன்ன இலக்கமுள்ள மருந்தை வாங்குங்கள் என்று கூறுவார். அவ்விலக்க மருந்துகளை விற்ற கடைக்காரர் இலாபத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தனர். 1930 இல் அவருடைய வைத்திய உரிமையும் வானொலி உரிமையும் ஒரே ஆண்டிற் பறிபோயின. அவரோ மெக்சிக்கோ எல்லையைக் கடந்து, அங்கிருந்து அதனிலும் வலுவான நிலையமொன்றை நடத்தினார். காற்றிலே வரும் குரலுக்கு மக்கள் எத்துணை இலகுவில் செவிசாய்க்கின்றனர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இத்தகைய ஆரவாரங்களுக்கு நடுவே, உண்மையான கண்டுபிடிப்பொன்று எலிக்கூண்டிலிருந்து வந்தது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே ஹேபேட் எவன்ஸ், கதரின் பிஷொப் என்னும் இருவர் பெண்ணெலிகளுக்குப் பாற்புரதம், மாப்பொருள், பன்றிக்கொழுப்பு, அக்காலத்தில் அறியப்பட்ட விற்றமின்கள் என்பனவற்றை அளந்து ஊட்டினர். எலிகள் நன்கு வளர்ந்தன; கருவுமுற்றன. ஆனால் குட்டிகள் பிறக்கவில்லை. கருக்கள் வயிற்றுள்ளேயே மடிந்து கரைந்தன. உணவோடு பச்சைச் சலாது இலையைச் சேர்த்தபோது குட்டிகள் பிறந்தன. கோதுமை முளையும் அதே பயனைத் தந்தது. 1922 இல் வெளியான இவ்வாராய்ச்சியே விற்றமின் ஈ என்பதன் தொடக்கம். 1936 இல் எவன்சும் அவருடன் உழைத்தோரும் கோதுமைமுளை எண்ணெயிலிருந்து அதனைத் தூயபொருளாகப் பிரித்தெடுத்தனர். அதற்குப் பெயரிடுமாறு கிரேக்கமொழிப் பேராசிரியர் ஒருவரைக் கேட்டபோது, 'மகப்பேற்றைத் தருவது' என்னும் பொருளில் 'தொக்கோபெரோல்' என்ற பெயரை அவர் ஆக்கிக்கொடுத்தார்.

ஆணெலிகளின் கதை இன்னும் கடுமையானது. விற்றமின் ஈ நெடுநாள் கிடையாத ஆணெலியின் விதைகள் சிதைந்துபோயின. பெண்ணெலிக்குச் சத்தைத் திரும்பக் கொடுத்தால் அடுத்தமுறை குட்டி பிறக்கும். ஆணெலிக்கோ, சிதைவு முற்றியபின், எவ்வளவு கொடுத்தும் பயனில்லை. இச்செய்தியைப் படித்தோர் நெஞ்சில் ஒரு முடிவு எழுந்தது இயல்பே: எலிக்கு மலட்டுத்தன்மையை நீக்குவது மனிதனுக்கும் நீக்கும். பெயரும் அதற்குத் துணைசெய்தது. கோதுமைமுளை எண்ணெய் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உகந்ததென விற்கப்பட்டது.

அம்முடிவில் ஓர் இடைவெளி இருந்தது. எலிகள் அந்தச் சத்தே இல்லாத உணவைத் திட்டமிட்டு ஊட்டப்பெற்றவை. மனிதரோ எண்ணெயிலும், வித்துகளிலும், கீரைகளிலும் அதனை நாள்தோறும் பெறுகின்றனர். மனிதனுக்கு உண்மையான விற்றமின் ஈக் குறைபாடு மிக அரிது. கொழுப்பைக் குடல் உறிஞ்சமுடியாத நோயுடையோரிடத்தும், சில பரம்பரைக் கோளாறுகளிலும் அது தோன்றுகின்றது. அங்கும் முதன்மையாகப் பாதிக்கப்படுவன நரம்புகளே. எலியின் பசியைத் தீர்த்த மருந்து, பசியில்லாத மனிதனுக்கு விற்கப்பட்டது.

ஆயினும், சத்துக்குறைவு ஆணின் வளர்ச்சியையும் வித்தையும் உண்மையாகவே கெடுக்கும் என்பதற்கு மனிதரிடத்திலேயே சான்று கிடைத்தது. அதனைக் கண்டறிந்தவர் பீகாரிலே பிறந்த வைத்தியர் ஆனந்த பிரசாத். 1958 இல் ஈரான் தேசத்து சிராஸ் நகரில் அவர் பணியாற்றியபோது, இருபத்தொரு வயதுடைய ஆண் ஒருவர் நோயாளியாக வந்தார். பார்வைக்குப் பத்து வயதுச் சிறுவன் போலிருந்தார். இரத்தசோகை கடுமையாக இருந்தது. பருவமாற்றம் எதுவும் தோன்றவில்லை. அவருடைய உணவு பெரும்பாலும் புளிக்கவைக்காத கோதுமை ரொட்டியே. அதனோடு களிமண்ணையும் தின்னும் பழக்கம் இருந்தது. அத்தகைய நோயாளர் வேறு பலரும் அப்பகுதியில் இருப்பதைப் பிரசாத் கண்டார். 1961 இல் அவரும் உடனுழைத்தோரும் இதனை எழுதி வெளியிட்டபோது, இரும்புக் குறைவு மட்டும் இந்நிலைக்குக் காரணமாகாது, துத்தநாகம் எனவும் வழங்கும் நாகத்தின் குறைவும் இருக்கவேண்டும் எனக் கருத்துரைத்தனர்.

வைத்திய உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. நாகம் எல்லா உணவிலும் சிறிதளவேனும் இருக்கையில், மனிதனுக்கு அதிலே குறைவு எவ்வாறு நேரும் என்று பலர் வினவினர். விடை ரொட்டியிலேயே இருந்தது. தவிடு நீக்காத தானியத்திலே பைற்றேற்று என்னும் பொருள் மிகுதி. அது குடலுக்குள் நாகத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது தடுக்கும். மாவைப் புளிக்கவைக்கும்போது அப்பொருளின் ஒரு பகுதி சிதைந்துவிடும். புளிக்கவைக்காத ரொட்டியையே நாள்தோறும் உண்போருக்கு அந்த வாய்ப்பில்லை. பின்னர் பிரசாத் எகிப்துக்குச் சென்று, அங்கே அதே நிலையிலிருந்த இளைஞரின் உடலில் நாகம் குறைந்திருப்பதை அளந்து காட்டினார். நாகம் கொடுத்தபோது அவ்விளைஞர் உயர்ந்து வளர்ந்தனர். தாமதமாகியிருந்த பருவமாற்றங்களும் தோன்றின. 1974 இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிச் சபை, நாள்தோறும் உணவிலே சேரவேண்டிய சத்துக்களின் வரிசையில் நாகத்துக்கும் ஓர் அளவைக் குறித்தது. பிரசாத் 2022 இற் காலமாகும்வரை அவ்வாராய்ச்சியோடு அவர் பெயர் இணைந்தே இருந்தது.

அவருடைய குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். 1980 இல் வெளியான ஆய்வொன்றில், தாமாக முன்வந்த ஐந்து ஆண்களுக்கு நாகம் மிகக் குறைந்த உணவு நெடுநாள் கொடுக்கப்பட்டது. ஐவருள் நால்வருக்கு விந்தணுக்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. நாகம் மீண்டும் போதியளவு கிடைத்தபின், பல மாதங்கள் சென்று, அத்தொகை பழைய நிலையை அடைந்தது. ஆகவே ஒரு செய்தி ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது: நாகம் குறைந்தால் வித்துக் குறையும், குறையை நிரப்பினால் வித்துத் திரும்பும்.

இதிலிருந்து, நாகம் போதியளவு உள்ளவனுக்கு மேலும் கொடுத்தால் வித்து மேலும் பெருகும் என்று முடிவு செய்யலாமா? சத்துக்குளிசை வணிகம் முழுவதும் இந்த ஒரு வினாவின்மேலேயே நிற்கின்றது. வாடிய பயிருக்கு நீர் பாய்ச்சினால் அது தளிர்க்கும்; நீர் நிறைந்த வயலிலே மேலும் நீரைக் கட்டினால் விளைச்சல் இரட்டிப்பதில்லை என்பதை எந்தக் கமக்காரனும் அறிவான். ஆயினும் உடல் வயலைப்போன்றதுதானா என்பதைச் சோதித்தே அறியவேண்டும். அச்சோதனை நெடுங்காலம் முறையாகச் செய்யப்படவில்லை.

மேலதிகச் சத்து உதவக்கூடும் என எண்ணுவதற்கு ஒரு நியாயமும் இருந்தது. முற்கூறிய மக்லியோட் 1943 இலேயே, ஒட்சிசன் மிகுந்த சூழலில் விந்தணுக்கள் தம் அசைவை இழப்பதையும், ஐதரசன் பெரொட்சைட்டை அழிக்கும் நொதியம் ஒன்றைச் சேர்த்தால் அவ்வசைவு காக்கப்படுவதையும் கண்டிருந்தார். விந்தணுவின் மென்சவ்வு எளிதில் ஒட்சியேற்றத்துக்கு இலக்காகும் கொழுப்பினால் ஆனது. பழுதைத் தானே திருத்திக்கொள்ளும் வல்லமையும் அதற்கு மிகக் குறைவு. புகைபிடித்தல், நோய்த்தொற்று, விதையைச் சூழ்ந்த நாளங்களின் வீக்கம் என்பன இவ்வொட்சியேற்றத்தை மிகுவிக்கின்றன. ஆகவே ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் விற்றமின் சீ, விற்றமின் ஈ, செலீனியம், காணிற்றீன் முதலியவை பயன்தரலாம் என்ற கருத்து ஆராய்ச்சியாளரிடையே வலுப்பெற்றது.

2002 இல் ஒல்லாந்திலிருந்து ஊக்கந்தரும் செய்தியொன்று வந்தது. கருவளம் குறைந்த ஆண்களுக்கு ஆறு மாதம் நாகமும் போலிக்கமிலமும் சேர்த்துக் கொடுத்தபோது, இயல்பான விந்தணுக்களின் மொத்தத்தொகை நூற்றுக்கு 74 வீதம் உயர்ந்தது என அவ்வாய்வு கூறிற்று. அதன்பின் இவ்விரண்டையும் கொண்ட குளிசைகள் உலகச் சந்தையை நிறைத்தன. ஆனால் அவ்வாய்வு எண்ணியது விந்தணுவை. தம்பதியர் எண்ணுவதோ குழந்தையை. குழந்தைப்பேறு கூடிற்றா என்பதை அறிய அதனிலும் மிகப் பெரிய ஆய்வு வேண்டியிருந்தது.

அவ்வாய்வு அமெரிக்காவில் நடைபெற்று, 2020 ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியாயிற்று. கருவளச் சிகிச்சையை நாடிய 2,370 தம்பதியர் அதிற் கலந்துகொண்டனர். ஆண்களிற் பாதிப்பேருக்கு நாள்தோறும் 5 மில்லிகிராம் போலிக்கமிலமும் 30 மில்லிகிராம் நாகமும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டன; மறுபாதிக்குச் சத்தில்லாத போலிக்குளிசை கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்பது உட்கொண்டோருக்கும் தெரியாது, கொடுத்தோருக்கும் தெரியாது. முடிவிலே, சத்துக்குளிசை பெற்றோரில் நூற்றுக்கு 34 தம்பதியருக்கும், போலிக்குளிசை பெற்றோரில் நூற்றுக்கு 35 தம்பதியருக்கும் குழந்தை உயிருடன் பிறந்தது. விந்தணுக்களின் தொகையிலும் அசைவிலும் உருவிலும் வேறுபாடில்லை. மாறாக, விந்தணுவின் மரபுப்பொருள் சிதைந்திருக்கும் வீதம் சத்துக்குளிசை உண்டோரிடத்தே சற்று மிகுந்து காணப்பட்டது. வயிற்றுக்கோளாறும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தது.

அதே 2020 இல் மற்றோர் அமெரிக்க ஆய்வும் வெளிவந்தது. விந்திலே குறையுள்ளதெனக் கண்டறியப்பட்ட ஆண்களுக்கு, விற்றமின் சீ, விற்றமின் ஈ, செலீனியம், காணிற்றீன், நாகம், போலிக்கமிலம், லைக்கோபீன் ஆகிய ஏழையும் ஒருங்கே கொடுத்துப் பார்த்த ஆய்வு அது. ஏறக்குறைய 170 தம்பதியர் பங்குகொண்ட அவ்வாய்விலும் விந்து சீர்ப்படவில்லை, குழந்தைப்பேறும் கூடவில்லை. 2022 இற் கொக்கிறேன் அமைப்பின் மதிப்பீட்டாளர் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பற்றிய 90 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். ஒட்சியேற்றத் தடுப்பிகள் உதவக்கூடும் என்பதற்குச் சில குறிகள் இருந்தன. ஆனால் குறைபாடுகள் மலிந்த ஆய்வுகளை ஒதுக்கியபோது, குழந்தைப்பேறு கூடுவதற்கான சான்று நிலைக்கவில்லை.

முந்திய சிறிய ஆய்வுகள் ஏன் நம்பிக்கை ஊட்டின என்பதற்கு விந்தின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. ஓர் ஆணின் விந்தணுத்தொகை வாரத்துக்கு வாரம் பெரிதும் ஏறியிறங்கும். தொகை தாழ்ந்திருக்கும் நாளிலேதான் அவன் வைத்தியரிடம் குறையுடையவனாகக் குறிக்கப்படுகின்றான். மூன்று மாதம் சென்று மீண்டும் அளந்தால், எம்மருந்தும் உண்ணாமலே தொகை உயர்ந்திருத்தல் கூடும். இடையிலே எதனை உண்டானோ அதற்கே புகழ் சேரும். போலிக்குளிசையோடு ஒப்பிட்டாலன்றி இம்மயக்கம் தெளியாது. பூனைக்காலி, அமுக்கரா முதலிய மூலிகைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். இந்தியாவிலே லக்னோ நகரத்து ஆராய்ச்சியாளர் 2009 முதலாக அவற்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வுகள் ஊக்கந்தருவன, எனினும், சிறியவை. பெரிய ஒப்பாய்வு நடைபெறும்வரை அவற்றை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. மரபின் பழைமை மதிப்புக்குரியது. அதுவே சோதனைக்கு ஈடாகாது.

வித்தின் குறை எப்போதும் உணவின் குறையென எண்ணுவதால் நேரும் கேடு ஒன்றுண்டு. 1977 இல் கலிபோர்ணியாவிலே பூச்சிகொல்லி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர், தமக்குள் உரையாடியபோது, தம்மிற் பலருக்குப் பிள்ளைகள் பிறப்பது நின்றுபோனதை உணர்ந்தனர். பரிசோதித்தபோது பலரின் விந்தில் உயிரணு மிகக் குறைவாகவோ முற்றாக இல்லாமலோ இருந்தது. மண்புழுப்போன்ற நுண்புழுக்களைக் கொல்லும் இரசாயனம் ஒன்றே காரணம். 1979 இல் அமெரிக்கா அதன் பயனீட்டைப் பெரும்பாலும் தடைசெய்தது. அத்தொழிலாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே சத்துக்குளிசை வாங்கி உண்டு காத்திருந்தால், காரணம் வெளிப்பட இன்னும் எத்தனை ஆண்டுகள் சென்றிருக்கும்?

அதனிலும் வியப்பான கேடு ஆண் ஓமோனால் விளைவது. 1935 இல் இவ்வோமோன் தூயபொருளாகப் பிரித்தெடுக்கப்பட்டதோடு செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. ஆண்மையைத் தருவது வித்தையும் பெருக்கும் என்று எண்ணுவோர் பலர். உண்மை நேர்மாறானது. வெளியிலிருந்து ஓமோன் வந்தால், மூளையின் அடியிலுள்ள சுரப்பி விதைகளுக்கு ஏவல் அனுப்புவதை நிறுத்திவிடும். வித்து உண்டாதலும் நின்றுவிடும். 1990 இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்விலே, வாரந்தோறும் இவ்வோமோன் ஊசி பெற்ற நலமான ஆண்களிற் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துள் விந்தணு முற்றாக அற்றுப்போயிற்று. அவ்வாய்வின் நோக்கமே கருத்தடை. உடல் திரளவென்று இவ்வோமோனை இரகசியமாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர் இதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

இத்துணை அறிவு சேர்ந்தபின்னும் குளிசை விற்பனை ஏன் குன்றவில்லை? காரணம் ஓரளவு சட்டத்திலும் உண்டு. பல நாடுகளில் மருந்தை விற்பவர் அது பயன்தரும் என்பதை முன்கூட்டியே மெய்ப்பிக்கவேண்டும். சத்துணவுத் துணைப்பொருளை விற்பவருக்கு அக்கடமை இல்லை. அமெரிக்காவின் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மற்றொரு காரணம் மனித மனத்தில் உள்ளது. ஆண்கள் பலர் பரிசோதனைக்கு நாணுகின்றனர். குளிசை வாங்க நாணவேண்டியதில்லை. ஒரு போத்தல் முடிந்ததும் மற்றொன்று வாங்கப்படுகின்றது. விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் செல்லுமாதலால், விற்பவரும் பொறுத்திருங்கள் என்று கூற இடமுண்டு. அவ்வாறு பொறுத்திருக்கும் காலத்திலே மனைவியின் வயது ஏறுகின்றது. பெண்ணின் கருவளம் முப்பத்தைந்துக்குமேல் விரைந்து தாழும். கணவன் வீணாக்கும் ஆண்டுகளுக்கு விலை கொடுப்பவள் அவளே.

உணவுக்கு இதில் இடமே இல்லையென்று கொள்ளுதலும் தவறாகும். உணவிலே உண்மையான குறையுடையவன், குடல் நோயாற் சத்தை உறிஞ்சமுடியாதவன், வறுமையால் ஒரே தானியத்தை உண்டு வாழ்பவன் ஆகியோருக்கு அக்குறையை நிரப்புதல் சிகிச்சையேயாகும். சிராஸ் நகரத்து இளைஞர் அதற்குச் சான்று. மற்றையோருக்கு மீனும் பருப்பும் கீரையும் பழமும் கலந்த வழக்கமான உணவே வேண்டிய சத்தைத் தந்துவிடும். புகையிலையை விடுதல், மதுவைக் குறைத்தல், மிகை பருமனைத் தணித்தல், விதைகளை மிகு வெப்பத்திலிருந்து காத்தல் என்பன எந்தக் குளிசையிலும் அடங்காதவை.

சரகர் சுத்தியை முதலிலும் ஊட்டத்தைப் பின்னும் வைத்தார். இன்றைய வைத்தியம் அந்த முதலிடத்திலே பரிசோதனையை வைக்கின்றது. ஆணின் விந்தைப் பரிசோதிப்பதற்கு ஊசி வேண்டியதில்லை, சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைக் காட்டிலும் அது எளிது, செலவும் குறைவு. லேவன்ஹூக் தம் சிறிய வில்லையினூடே கண்டதை இன்று வைத்தியசாலை ஆய்வுகூடத்திலே எவரும் காண இயலும். ஓராண்டு முயன்றும் கரு உண்டாகாத தம்பதியர் இருவரும் ஒருங்கே, ஒரே காலத்திலே, அப்பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். மனைவி முப்பத்தைந்து வயதைக் கடந்தவராயின் ஆறு மாதத்துக்குமேல் தாமதித்தலாகாது. அவ்வாறு செல்லும் வழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் நிலைபெறுமாயின், ஒருத்திமீது மட்டும் சுமத்தப்பட்டுவந்த அந்தப் பழைய சொல்லும் மெல்ல மெல்ல வழக்கொழிந்துபோகும்.